ரெட் அலர்ட் நேரத்தில் லயத்தைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? பஞ்சாயத்துக்கா, கலெக்டருக்கா, கம்பெனிக்கா?

உங்க அப்பா அம்மா மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில் இருக்காங்க. நீங்க கோவையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கிறீங்க. ராத்திரி எட்டு மணிக்கு 'இடுக்கிக்கு ரெட் அலர்ட்' என்று போனில் செய்தி வருகிறது. யாரைக் கூப்பிடுவீங்க?

பெரும்பாலும் வார்டு மெம்பரைத்தான். தெரிந்த முகம், தமிழில் பேசலாம், அந்த நேரத்திலும் போனை எடுப்பார். ஆனால் "எல்லாரும் லயத்தை விட்டு இறங்குங்க" என்று உத்தரவு போட அவரால் முடியாது. அவருடைய பஞ்சாயத்தாலும் முடியாது. கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, ராஜமலை அருகே பெட்டிமுடியில் நடந்ததைப் பாருங்கள். ஒரே நாளில் 60 செ.மீ.க்கும் அதிகமான மழை. மலை சரிந்து கண்ணன் தேவன் கம்பெனியின் லயங்களை மூடியது. உடல்களாகக் கிடைத்தவர்கள் 66 பேர், கிடைக்காமலே போனவர்கள் 4 பேர். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம். மின்சாரமும் தொலைபேசியும் ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருந்ததால், செய்தி மறுநாள் காலையில்தான் வெளியே வந்தது. பெரியவாரை தற்காலிகப் பாலம் வெள்ளத்தில் சேதமாகியிருந்ததால் மீட்புப் படை போய்ச் சேரவும் தாமதம்.

பெட்டிமுடி இருப்பது மூணாறு கிராம பஞ்சாயத்தில். அங்கே ஓட்டு உண்டு, மெம்பர் உண்டு. ஆனால் வீடு கம்பெனியுடையது. பேரிடர் அதிகாரம் மாவட்ட நிர்வாகத்திடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005. இதில் இரண்டு பிரிவுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தால் விஷயம் புரிந்துவிடும்.

பிரிவு 34, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கானது. ஆபத்தான பகுதிக்குள் போவதையும் வருவதையும் கட்டுப்படுத்தலாம், வண்டிகளை நிறுத்தலாம், இடிபாடுகளை அகற்றலாம், தங்க இடமும் உணவும் தரலாம். ஆணையத்தின் தலைவர் கலெக்டர். இணைத் தலைவராக மாவட்ட பஞ்சாயத்துத் தலைவர் இருப்பார். கிராம பஞ்சாயத்துக்கு அதில் நாற்காலியே இல்லை.

பிரிவு 41, உள்ளாட்சிகளுக்கானது. ஊழியர்களுக்குப் பயிற்சி கொடு, கருவிகளைத் தயாராக வை, கட்டுமானங்கள் விதிப்படி இருக்கிறதா பார், நிவாரண வேலை செய். எல்லாமே 'செய்ய வேண்டியவை'. அதுவும் மாவட்ட ஆணையத்தின் உத்தரவுக்கு உட்பட்டு. யாருக்கும் உத்தரவிடும் அதிகாரம் அந்தப் பிரிவில் கிடையாது.

விழப்போகிற ஒரு மரம், இடியப்போகிற ஒரு கட்டிடம் என்றால் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் கீழ் பஞ்சாயத்து நோட்டீஸ் கொடுக்கலாம். ஒரு மலைச்சரிவையே காலி செய்யச் சொல்ல அது போதாது.

பணத்திலும் இதே கதைதான். அவசரத்துக்கு டெண்டர் இல்லாமல் பொருள் வாங்க பிரிவு 50 வழிவிடுகிறது. ஆனால் அனுமதி தருவது தேசிய, மாநில அல்லது மாவட்ட ஆணையம். பிரிவு 65-இன்படி தனியார் வாகனத்தையோ கட்டிடத்தையோ எடுத்துக்கொள்ளும் அதிகாரமும் தேசிய, மாநில செயற்குழுக்களிடமும் மாவட்ட ஆணையத்திடமுமே. ஒரு சின்ன வழி மட்டும் இருக்கு: கலெக்டர் தலைமையிலான ஆணையம் இந்த அதிகாரத்தை ஒரு அதிகாரிக்கு எழுதிக்கொடுக்கலாம். சாலை துண்டிக்கப்படும் மலை ஊர்களுக்கு மழைக்கு முன்பே இப்படி ஒரு உத்தரவைப் போட்டு வைப்பதில் என்ன தடை? சட்டத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை.

கொரோனா காலத்தில் பாலக்காடு எல்லையிலும் இதே பிரிவினையைப் பார்த்தோம். 2020 மே மாதம் வாளையாறில் பாஸ் இல்லாமல் மக்கள் வெயிலில் காத்துக் கிடந்தார்கள். யாரை உள்ளே விடுவது என்பது மாநில அரசும் கலெக்டர்களும் எடுத்த முடிவு. உள்ளே வந்த பிறகு தனிமைப்படுத்தலைக் கண்காணித்ததும், குடும்பஸ்ரீயோடு சேர்ந்து சமூக சமையலறை நடத்தியதும் உள்ளாட்சிகள். வேலை கீழே, முடிவு மேலே.

எஸ்டேட்டில் இன்னொரு சிக்கல்

தோட்டத் தொழிலாளர் சட்டம், 1951, வீடு தரும் பொறுப்பை நிர்வாகத்திடம் வைத்தது. அந்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தால் நிர்வாகம் இழப்பீடு தர வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் இடிந்ததற்கு இயற்கைப் பேரிடர் மட்டுமே நேரடிக் காரணம் என்றால் அந்தப் பொறுப்பு இல்லை. லயத்தை எந்தச் சரிவில், எந்த ஓடைக்குப் பக்கத்தில் கட்டினார்கள் என்பதை 'இயற்கை' கணக்கில் சேர்ப்பதா என்பதுதான் உண்மையான சண்டை.

அரசு நினைத்தால் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2024 வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு மறுவாழ்வுக்காக எஸ்டேட் நிலத்தையே எடுக்க அரசு முடிவு செய்தது. அந்த டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இழப்பீடு தர வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதித்தது. சாவுக்குப் பிறகு நிலத்தையே எடுக்க முடிகிறது. சாவுக்கு முன்னால் ஒரு லயத்தைக் காலி செய்ய வைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

2025-இல் வந்த சட்டத் திருத்தம் இதைச் சரி செய்ததா? இல்லை. மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி நகரங்களுக்கும் தனிப் பேரிடர் ஆணையம் அமைக்க அது வழி செய்தது. அங்கேயும் தலைவர் ஆணையர்தான், மேயர் இல்லை. கிராம பஞ்சாயத்து இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சரி, நீங்க என்ன கேட்கலாம்?

பஞ்சாயத்து கையில் ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2018 வெள்ளத்துக்குப் பிறகு, கேரளா தன் 1,034 கிராம பஞ்சாயத்து, நகராட்சி, மாநகராட்சிகளையும் பேரிடர் திட்டம் எழுதச் சொன்னது. உங்கள் பஞ்சாயத்தின் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் லயம் அதில் இருக்கிறதா, முகாம் எங்கே, மலை மேல் மின்சாரம் போனால் கீழே செய்தி சொல்வது யார் என்று பாருங்கள். கேரளாவில் கிராம சபை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும், கூட்டுபவர் அதே வார்டு மெம்பர். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அந்தத் தேதியைப் பார்த்து லீவு போடுங்கள்.

தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தேவிகுளம், பீருமேடு, சித்தூர் போன்ற மொழிச் சிறுபான்மைப் பகுதிகளின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதும் உரிமையை 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தருகிறது.

ரெட் அலர்ட் இரவில் மெம்பரோடு சேர்த்து 1077-க்கும் போன் போடுங்கள். அது மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, உத்தரவு போடக்கூடியவரின் அலுவலகம். வெளியூரிலிருந்து கூப்பிட்டால் முன்னால் உங்கள் மாவட்ட எஸ்டிடி எண்ணைச் சேர்க்க மறக்காதீங்க.