அற்புதம் நியாயம் வழங்குமா?

ஹைஸ்கூல் பிள்ளைகள் தங்களுக்குள் ஏழையாயும், வாயில்லாப் பூச்சியாயும் இருப்பவரைப் பிடித்துக் கேலி செய்து இம்சிப்பதும், இம்சைப்பட்டவர் ஏதோ ஒரு அமானுஷ்ய சக்தியால் பழி தீர்த்துக்கொள்வதுமான பயங்கரப் படங்கள் அமெரிக்காவில் பல வெளிவந்திருக்கின்றன. அவற்றிற்கெல்லாம் தாய் போன்றது 1976-ல் வந்த "கேரி" என்னும் படமாகும். ஸ்டீபன் கிங் என்பவர் 1974-ல் வெளியிட்ட நாவலை பிரையன் டி பால்மா என்னும் டைரக்டர் படமாக்கினார். 2013-ல் அதே கதையை மறுபடியும் புதிதாய்ப் படம் பிடித்தார்கள் என்றால், ஜனங்களுக்கு அதன் மேலுள்ள மோகம் எவ்வளவு என்பது விளங்கும்.

இப்படத்தைப் பார்த்துவிட்டு வரும் நண்பர்களில் பலர், "அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பது சரியாய்ப் போய்விட்டது, அக்கிரமக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் ஒழிந்தார்கள்" என்று சந்தோஷப்படுகின்றார்கள். நாம் அந்தச் சந்தோஷத்தில் கலந்துகொள்ள முடியவில்லை. ஏன் என்பதைச் சொல்லவே இதை எழுதுகின்றோம்.

முதலில் கதையைப் பார்ப்போம். கேரி என்பவள் தகப்பன் இல்லாத பெண். தாயார் மகா பக்தை. வீடு வீடாய்ப் போய் மதப் பிரசுரங்களைக் கொடுத்துப் பிழைப்பவள். பள்ளிக்கூடத்துக் குளியலறையில் ஒரு நாள் கேரிக்கு முதல் மாதவிடாய் வருகிறது. அது இன்னதென்றே அவளுக்குத் தெரியாது. ரத்தம் போய்ச் சாகப் போகிறோம் என்று பயந்து, கூட இருந்த பெண்களிடம் ஓடி அலறுகிறாள். அவர்களோ கூட்டமாய்ச் சேர்ந்து சிரித்து, மாதவிடாய்த் துணிகளை அவள் மேல் வீசி எறிகிறார்கள். தேகப்பயிற்சி ஆசிரியை ஒருத்திதான் தடுத்து அணைத்துக்கொள்கிறாள். ஹெட்மாஸ்டருக்கோ அந்தப் பெண்ணின் பெயர்கூடச் சரியாய் வாயில் வரவில்லை. வீட்டுக்குப் போனால், இது பாவத்தின் பலன் என்று சொல்லித் தாயார் புத்தகத்தாலேயே அடித்து, இருட்டுச் சிற்றறையில் தள்ளிப் பூட்டிப் பிரார்த்தனை செய்யச் சொல்லுகிறாள்.

பிறகு பள்ளிக்கூடத்து நடன விருந்தில், ஓட்டுச் சீட்டைத் திருட்டுத்தனமாய் மாற்றி, கேரியை அன்றைய ராணியாய்த் தேர்ந்தெடுக்கச் செய்து, மேடையில் நிற்கும்போது உத்தரத்திலிருந்து ஒரு வாளி பன்றி ரத்தத்தை அவள் தலையில் கவிழ்க்கிறார்கள். கையால் தொடாமல் மனத்தாலேயே பொருள்களை அசைக்கும் சக்தி கேரிக்கு உண்டாம். அதைக்கொண்டு அவள் கதவுகளையெல்லாம் சாத்தி, மண்டபத்தைத் தீக்கிரையாக்குகிறாள். வீட்டுக்குப் போனால் தாயார் முதுகில் குத்துகிறாள். மகள் சமையலறைக் கத்திகளைப் பறக்கவிட்டுத் தாயாரைச் சுவரோடு தைக்கிறாள். வீடும் இடிந்து விழுகிறது. இவ்வளவுதான் கதை.

இந்தக் கதையில் முதல் பாதி நூற்றுக்கு நூறு உண்மை என்று ஒப்புக்கொள்கின்றோம். ஒரு பெண்ணுக்கு அவளுடைய உடம்பைப் பற்றித் தெரியாமல் செய்தது யார்? பெற்ற தாய். தாயை அப்படிச் செய்யச் சொன்னது எது? அவளுடைய பக்தி. பெண்ணின் இயற்கையைப் பாவம் என்று அங்கே சொன்னார்கள். தீட்டு என்று இங்கே சொல்லுகிறார்கள். அங்கே சிற்றறையில் பூட்டினார்கள். இங்கே திண்ணை ஓரத்தில் தனித் தட்டும் தனிப் பாயும் கொடுத்து உட்காரவைத்தார்கள். தேசமும் மதமும் வேறானாலும் புத்தி ஒன்றுதானே? அமெரிக்கா நாகரிக தேசமாயிற்றே என்று யாரும் ஏமாற வேண்டாம். ஆகாய விமானம் ஏறுகிறவன் மண்டைக்குள்ளும் மூடநம்பிக்கை ஏறி உட்கார்ந்திருக்கலாம்.

நிற்க, பின் பாதிக்கு வருவோம். அற்புத சக்தி வந்து நியாயம் வழங்கிற்றாம். என்ன நியாயம் வழங்கிற்று என்று கேட்கின்றோம். அந்த மண்டபத்தில் செத்தவர்கள் யார்? கேரிக்காகப் பரிந்து, கேலி செய்த பெண்களைத் தண்டித்த அந்த ஆசிரியையும் அதிலே செத்தாள். ரத்தம் கொட்டியபோது எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகக் கேரிக்குத் தோன்றுகிறது. ஆசிரியைகூடச் சிரிப்பதாகத் தோன்றுகிறது. உண்மையில் ஆசிரியை சிரிக்கவில்லை. "எல்லோரும் உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்" என்று விருந்துக்குப் போகுமுன் தாயார் பயமுறுத்தி அனுப்பியிருந்தாள். அந்தப் பயமே கண்ணை மறைத்தது. குற்றவாளி யார், நிரபராதி யார் என்று விசாரிக்காமல், சாட்சி கேட்காமல், கதவைச் சாத்திக் கொளுத்துவதற்குப் பெயர் நியாயமா? தெய்வம் நின்று கொல்லும் என்கிறார்களே, அந்தத் தெய்வத்தின் யோக்கியதையும் இதுதானோ?

"படம்தானே, இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கதையை எழுதியவர் சொல்லும் சங்கதியைக் கேட்கட்டும். தமது பள்ளிக்கூடக் காலத்தில் கண்ட இரண்டு பெண்களை நினைத்தே கேரியை எழுதியதாக ஸ்டீபன் கிங் 2000-ல் வெளியிட்ட புத்தகத்தில் சொல்லியிருக்கிறார். அவர்களில் ஒருத்தி நாள்தோறும் ஒரே உடுப்பில் வருவாளாம். ஒரு நாள் புது உடுப்பு உடுத்தி வந்தபோது கேலி குறையவில்லை, அதிகமாயிற்றாம். நாவல் எழுதப்படும்போது அந்த இரண்டு பெண்களுமே உயிரோடு இல்லை. நிஜக் கேரிகளுக்கு எந்தச் சக்தியும் வந்து உதவவில்லை. ஒரு கதவும் தானாய் மூடவில்லை. ஒரு கத்தியும் பறக்கவில்லை. கேலி செய்தவர்கள் சுகமாய் வீடு போய்ச் சேர்ந்தார்கள். இதுவே உலகத்தில் நடக்கும் விஷயம்.

மனத்தால் பொருளை அசைக்கும் வித்தை உண்மையில் உண்டா என்றால், அதற்கும் பரீட்சை நடந்தாயிற்று. கரண்டியை மனத்தால் வளைப்பதாகப் பேர் வாங்கிய யூரி கெல்லர், 1973-ல் அமெரிக்க டெலிவிஷனில் பிறர் ஜாக்கிரதையாய் வைத்திருந்த சாமான்களின் முன் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தார். இலங்கையில் டாக்டர் கோவூர் 1963-ல் அற்புதக்காரர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் பந்தயம் கட்டினார். 1978-ல் அவர் சாகும்வரை எவரும் ஜெயித்து வாங்கவில்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி பந்தயத்தைப் பத்து லட்சம் டாலராக உயர்த்தி வைத்தார். 2015-ல் அது முடியும்வரை ஒரு காசும் போகவில்லை. ஆகவே இம்சைப்படும் பிள்ளையிடம் அற்புதத்தைக் காட்டுவது, பசித்தவனுக்குச் சுவரில் எழுதிய சோற்றைக் காட்டுவதாகும்.

அன்றியும் இதில் ஆபத்தும் உண்டு. இந்தப் பழிவாங்கும் ஆசையிலிருந்து அற்புதத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? துப்பாக்கிதான். அதே கிங், துப்பாக்கியோடு வகுப்பைப் பிடித்துவைக்கும் மாணவனைப் பற்றி "ரேஜ்" என்று ஒரு கதையைப் புனைபெயரில் 1977-ல் வெளியிட்டார். 1997-ல் கென்டக்கி மாகாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரு மாணவன் சுட்டு மூன்று பெண்கள் மாண்டார்கள். அவன் பெட்டியில் அந்தப் புத்தகம் இருந்தது. கிங் அதன் பிறகு அந்தப் புத்தகம் அச்சாவதையே நிறுத்திவிட்டார். ஒரு புத்தகம் கொலைகாரனை உண்டாக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எழுதியவருக்கே வந்த பொறுப்புணர்ச்சி கைதட்டுகிறவர்களுக்கும் கொஞ்சம் வரவேண்டாமா?

அப்படியானால் வழி என்ன? இம்சைப்படுகிறவன் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் ஒருக்காலும் சொல்லமாட்டோம். பொறுமையை உபதேசிப்பவன் அடிக்கிறவனுக்கு ஆள். மனிதன் செய்த கொடுமையை மனிதனே தீர்க்க வேண்டும், தீர்த்தும் காட்டியிருக்கிறார்கள். நார்வே தேசத்தின் வடபகுதியில் 1982-ல் மூன்று பையன்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சகமாணவர்களின் இம்சையே காரணமாயிருக்க வேண்டும் என்று கண்டார்கள். இது விதி என்றோ, போன ஜன்ம பாவம் என்றோ அந்தத் தேசத்தார் சும்மா இருக்கவில்லை. மறுவருஷமே சர்க்கார் தேச முழுதும் முயற்சி தொடங்கிற்று. டான் ஓல்வேயஸ் என்னும் மனோதத்துவப் பேராசிரியர் பெர்கன் நகரத்தில் 42 பள்ளிக்கூடங்களில் சுமார் 2,500 பிள்ளைகளிடையே வேலை செய்தார். செய்தது என்ன மந்திரம்? பெயர் எழுதாமல் பிள்ளைகளையே பதில் எழுதச் சொல்லி உண்மையை அறிந்தார்கள். இடைவேளையில் பெரியவர்கள் மைதானத்தில் நின்று பார்த்துக்கொண்டார்கள். வகுப்புக்கு வகுப்பு விதி செய்தார்கள். இம்சித்தவனையும் அவன் பெற்றோரையும் கூப்பிட்டுக் கண்டித்துப் பேசினார்கள். இரண்டு வருஷத்தில் இம்சை ஏறக்குறைய பாதியாய்க் குறைந்தது. கேரியின் அமெரிக்காவிலும் 1999-ல் ஜார்ஜியா தொடங்கி 2015-ல் மான்டானா ஈறாக 50 மாகாணங்களும் இதற்குச் சட்டம் செய்துவிட்டன. சட்டத்தால் மாத்திரம் எல்லாம் தீர்ந்துவிடாது. என்றாலும் குற்றத்தைக் குற்றம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

தோழர்களே! கேரிக்கு வேண்டியிருந்தது அற்புத சக்தியல்ல. உடம்பைப் பற்றி உண்மையைச் சொல்லும் தாய் வேண்டியிருந்தது. பெயரைச் சரியாய்ச் சொல்லும் ஹெட்மாஸ்டர் வேண்டியிருந்தது. துணி எறிந்த கூட்டத்தில் "நிறுத்துங்கள்" என்று சொல்ல ஒரே ஒரு பெண் வேண்டியிருந்தது. இம்மூன்றில் எதற்காவது வானத்தைப் பார்க்க வேண்டுமா? படத்தைத் தாராளமாய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் உங்கள் பெண்ணைக் கூப்பிட்டு உடம்பின் இயற்கையை ஒளிவு மறைவின்றிச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் யார் யாரை அழவைக்கிறார்கள் என்று கேளுங்கள். அழவைப்பது உங்கள் பிள்ளையாகவே இருந்தால், அன்றைக்கே அதை நிறுத்துங்கள். தெய்வம் நின்று கொல்லும் என்று காத்திருப்பவன், அதுவரை நடக்கும் அக்கிரமத்துக்கெல்லாம் பங்காளியே ஆவான்.