ஜோகோவிச்சின்ர கோப்பையில எங்களுக்கு என்ன வேலை?

எங்கட நண்பன் ஒருவன் மூன்று கிழமையாகப் புட்டைத் தொடவில்லை. இடியப்பம் இல்லை, பாண் இல்லை, சோறும் இல்லை. காலமை ஆறு முட்டையின் வெள்ளைக்கரு. மத்தியானம் உப்பில்லாமல் அவிச்ச கோழி நெஞ்சுத் துண்டு. பின்னேரம் ஜிம்மில் கடன் சொல்லி வாங்கின புரொட்டீன் பவுடர். மிஞ்சின மஞ்சள்கருவை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா ஒவ்வொரு நாளும் புறுபுறுத்தா. "என்னடா இது, கந்தசஷ்டி கூட ஆறு நாள்தானே" என்று அவ கேட்டதற்கு அவன் சொன்ன பதில்: "அம்மா, ரொனால்டோ இப்பிடித்தான் சாப்பிடுறவர்." நாலாவது கிழமை, பயிற்சியில் பத்து நிமிசம் ஓடிவிட்டு மைதான ஓரத்தில் குந்திவிட்டான். தலைச்சுத்து.

இவனைப் பகிடி பண்ண இதை எழுதவில்லை. எங்களிலேயே மூன்று பேர் இதே கூத்தை ஆடிப் பார்த்தவர்கள். எங்கட கோபம் வேற இடத்தில். உலகத்தரமான வீரர் ஒருவர் என்ன சாப்பிடுகிறார், முக்கியமாக என்னத்தைச் சாப்பிடாமல் விடுகிறார் என்ற பட்டியல் இப்போது ஒரு நீதிநூல் மாதிரி எங்கட கைக்கு வந்து சேருகிறது. யூடியூப்பில் வருகிறது, ஜிம்மில் வருகிறது, பள்ளிக்கூட மைதானத்தில் பயிற்சியாளரின் வாயாலும் வருகிறது. அதைப் பின்பற்றத் தேவையில்லை என்பது எங்கள் நிலைப்பாடு. அதுக்கும் மேலே ஒன்று சொல்கிறோம்: ஒழுங்காகச் சாப்பிட வழியில்லாத பிள்ளைகள் ஓடுகிற நாட்டில் அந்தப் பட்டியலைத் தூக்கிப் பிடிப்பது கெடுதல்.

எதிர்த்தரப்பின் ஆகப் பலமான சாட்சியையே முதலில் எடுப்போம். நோவாக் ஜோகோவிச். 2010 அவுஸ்திரேலிய ஓப்பன் காலிறுதியில் சோங்காவிடம் மூச்சு வாங்கித் தோற்கிறார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்த சேற்றோயெவிச் என்ற வைத்தியர் பிறகு அவரைச் சந்தித்து, ஒரு துண்டுப் பாணை வயிற்றோடு பிடிக்கச் சொல்லி, மற்றக் கையைக் கீழே அமத்திப் பார்க்கிறார். கை பலமிழந்ததாம். அப்படியென்றால் கோதுமை ஒத்துக்கொள்ளவில்லையாம். குடும்பமே பீற்சாக் கடை நடத்திய வீட்டுப் பிள்ளை கோதுமையை விடுகிறார், பாலை விடுகிறார். 2011 இல் மூன்று கிராண்ட் ஸ்லாம் வென்று உலகின் முதலாம் இடத்துக்குப் போகிறார். 2012 அவுஸ்திரேலிய இறுதிப் போட்டியில் நடாலுடன் 5 மணி 53 நிமிடம் ஆடி வென்ற இரவில், ஒரேயொரு சின்னச் சதுரம் சொக்கலேற்றோடு நிறுத்திக்கொண்டதாக 2013 இல் வந்த தன் புத்தகத்தில் எழுதுகிறார்.

நல்ல கதை. வாசிக்கேக்கை எங்களுக்கும் மயிர் கூச்செறிந்தது. ஆனால் கதையில் விடுபட்டதைப் பாருங்கோ. அதே மனிசன் 2008 இலேயே, பாணும் பீற்சாவும் சாப்பிட்ட காலத்திலேயே, அவுஸ்திரேலிய ஓப்பனை வென்றுவிட்டார். பாணை வயிற்றில் வைத்துக் கையை அமத்துவது மருத்துவம் ஏற்றுக்கொண்ட பரிசோதனையே அல்ல. அவரின் உடம்புக்குக் கோதுமை உண்மையாகவே ஒத்துவராமல் இருந்திருக்கலாம், அதை விட்டது அவருக்கு நல்லதாய் முடிந்திருக்கலாம். அது அவரின் உடம்பு. கோதுமையிலுள்ள குளுட்டன் புரதத்தால் குடல் பழுதாகும் சீலியாக் நோய் உலகில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்குத்தான் இருக்கிறது. மற்றத் தொண்ணூற்றொன்பது பேரும் பாணை விட்டால் கிராண்ட் ஸ்லாம் வராது, பசிதான் வரும்.

இல்லை, வென்றவர் சாப்பிட்டதுதான் ஆதாரம் என்றால், எங்களிடமும் ஒரு சாட்சி இருக்கு. உசைன் போல்ட். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் 100 மீற்றரை 9.69 செக்கனிலும் 200 மீற்றரை 19.30 செக்கனிலும் ஓடி இரண்டு உலக சாதனை வைத்தவர். அங்கத்தைச் சாப்பாடு வாய்க்கு ஒத்துவராததால் ஒரு நாளைக்கு நூறு சிக்கன் நகெற்ஸ் வரை சாப்பிட்டதாகத் தன் சுயசரிதையில் அவரே சொல்கிறார். அப்ப எல்லாப் பிள்ளையளுக்கும் நகெற்ஸ் வாங்கிக் குடுப்பமோ? ஒருவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். "அவர் பிறவியிலேயே வேகம், அவரின்ர பயிற்சி வேற" என்பார்கள். சரியான பதில். அதே பதிலை ஜோகோவிச்சுக்கும் ரொனால்டோவுக்கும் சொல்ல ஏன் வாய் வருகுதில்லை? கடுமையாக இருப்பதால் மட்டும் ஒரு சாப்பாட்டுமுறை ஆதாரம் ஆகிவிடுமா?

தொழில்முறை வீரரின் சாப்பாடு அவரின் தொழில் உபகரணம். நாள் முழுக்க உடம்பை வேலை வாங்குவதுதான் அவருக்குச் சம்பளம். சமைக்க ஆள், இரத்தம் சோதிக்க ஆள், எத்தனை மணிக்குப் படுப்பது என்று சொல்ல ஆள். எங்கள் நாளோ வகுப்பு, ரியூசன், பஸ், கடை வேலை, பின்னேரம் ஒரு மணித்தியால விளையாட்டு. ஆழ்கடலுக்குப் போற றோலருக்கு அடிக்கிற டீசலைச் சைக்கிளுக்கு ஊத்தி என்ன காணப்போறம்?

இதில் வியாபாரமும் இருக்கு. 2021 ஜூனில், யூரோ கிண்ணப் போட்டி நேரம், ஊடகச் சந்திப்பு மேசையில் இருந்த இரண்டு கொக்கா கோலாப் போத்தலையும் தள்ளிவைத்துவிட்டுத் தண்ணிப் போத்தலைத் தூக்கிக் காட்டினார் ரொனால்டோ. உலகமே கைதட்டியது. அதே ரொனால்டோ கே.எஃப்.சி. விளம்பரத்தில் நடித்தவர். 2013 இலிருந்து ஹேர்பலைஃப் நிறுவனத்தின் விளம்பர முகம், அவர்கள் விற்பது சத்துமா. அவரைப் பிழை சொல்ல வரவில்லை, உழைக்கிறார். ஆனால் அவரின் கோப்பையைப் பார்க்கிற எங்களுக்கு, அதன் பக்கத்தில் ஒரு விலைப்பட்டியலும் இருக்கென்று தெரிந்திருக்க வேணும். எங்கட ஊர் ஜிம்முகளில் கண்ணாடி அலுமாரிக்குள் அடுக்கியிருக்கிற டப்பாக்களும் அந்தப் பட்டியலின் கடைசிப் பக்கம்தான்.

"சரி, சாப்பாட்டை விடுங்கோ, அந்தக் கட்டுப்பாட்டையாவது பழகலாம்தானே?" என்று எங்கட குழுவுக்குள்ளேயே ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. நேரத்துக்குச் சாப்பிடுவது, நேரத்துக்கு நித்திரை கொள்வது, சோடாவைக் குறைப்பது எல்லாம் நல்லதுதான். அதை எங்கட அப்பம்மாவும் சொன்னவ. ஆனால் கட்டுப்பாடு என்ற சொல் மைதானத்துக்குள் வரும்போது அதன் அர்த்தம் பெரும்பாலும் ஒன்றுதான்: குறைச்சுச் சாப்பிடு.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மேரி கெய்ன் சாட்சி. 17 வயதில், 2013 மொஸ்கோ உலக மெய்வல்லுநர் போட்டிக்கு அமெரிக்க அணியில் தெரிவான ஓட்ட வீராங்கனை. நைக்கியின் ஒரிகன் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்த பிறகு நடந்ததை 2019 நவம்பரில் நியூயோர்க் ரைம்ஸில் சொன்னார். மெலி, இன்னும் மெலி என்று நெருக்கினார்களாம். மற்றவர்களுக்கு முன்னால் நிறுத்தி நிறை பார்த்தார்களாம். மூன்று வருடம் மாதவிடாய் நின்றது. ஐந்து எலும்பு உடைந்தது. உலகத்திலேயே பணமும் வசதியும் கூடிய பயிற்சித் திட்டங்களில் ஒன்றில் நடந்த கதை இது. ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாவிட்டால் எலும்பு, ஹோர்மோன், இருதயம், மனம் எல்லாம் பழுதாகும் என்று சர்வதேச ஒலிம்பிக் குழுவே 2014 இல் அறிக்கை வெளியிட்டு, அந்த நிலைக்கு ஒரு பேரும் வைத்தது. ஆண்களுக்கும் வரும் என்று சேர்த்தே சொன்னது.

இப்ப எங்கட மைதானத்துக்கு வாங்கோ. தை, மாசி மாதம் இல்ல மெய்வல்லுநர் போட்டி. கொட்டகை, சோடனை, பாண்ட் வாத்தியம், பிரதம விருந்தினருக்கு மாலை. 1500 மீற்றரில் மூன்றாவது சுற்றில் ஒரு பெட்டை விழுவாள். ஓடிப்போய்த் தூக்கி, நிழலில் கிடத்தி, குளுக்கோஸும் தோடம்பழத் துண்டும் குடுப்போம். எங்களில் ரெட் குரொஸ் உடுப்போடு நின்ற ஒவ்வொருவரும் தூக்கியிருக்கிறோம். "காலமை என்ன சாப்பிட்டனீ?" என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில். "பிளேன் ரீ." சிலவேளை ஒரு பணிஸ். 2022 செப்ரெம்பரில் இந்த நாட்டின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு வருடத்துக்குள் சாப்பாட்டுச் சாமான் விலை கிட்டத்தட்ட இரட்டித்தது. அதுக்குப் பிறகு பணவீக்கம் இறங்கினது, விலை பழைய இடத்துக்குத் திரும்பி வரவில்லை. பாடசாலைச் சத்துணவுத் திட்டமோ பெரும்பாலும் ஆரம்பப் பிரிவோடு நின்றுவிடுகிறது. வலய மட்டம், மாகாண மட்டம் என்று ஓடுகிற வயசுப் பிள்ளையள் அதற்கு வெளியே.

அந்தப் பிள்ளைக்கு முன்னால் நின்று "ஜோகோவிச் பாண் சாப்பிடுறேல்ல, நிறையைக் குறை" என்று சொல்வதற்கு ஒரு ஆளுக்கு எவ்வளவு கண் மறைந்திருக்க வேணும்? பட்டினிக்கு ஒழுக்கம் என்று பேர் வைத்தால், சாப்பாடு குடுக்கவேண்டியவன் தப்பிவிடுகிறான். பிழை பிள்ளையின் மனவுறுதியில் போய் விழுகிறது.

கணக்கை ஒருக்கால் போட்டுப் பாருங்கோ. சாதாரண வளர்ந்த ஆளுக்கு ஒரு கிலோ உடல் நிறைக்கு 0.8 கிராம் புரதம் போதும். கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு 1.2 இலிருந்து 2 கிராம் வரை. 50 கிலோ நிறையுள்ள ஓட்டக்காரிக்குக் குறைந்தது 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். சமைக்காத பயறு 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம். நெத்தலிக் கருவாட்டில், நிறைக்கு நிறை பார்த்தால், அதைவிடக் கூட. சோற்றிலும் கொஞ்சம் இருக்கு. பயத்தங்கஞ்சி, குரக்கன் புட்டு, முருங்கையிலை வறை, சூடைமீன் குழம்பு, அவிச்ச கடலை என்று எங்கட குசினியிலேயே இந்தக் கணக்கு சரிவரும். டப்பா தேவையில்லை. தேவைப்படுவது இந்தச் சாமானை ஒவ்வொரு நாளும் வாங்கக் கூடிய காசு.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான். இல்ல விளையாட்டுப் போட்டிக்குச் சேர்க்கிற காசில் முதல் செலவாகப் பயிற்சி நாள் காலமைச் சாப்பாட்டை எழுதுங்கோ. கொட்டகைச் சோடனை பிறகு. பழைய மாணவர் சங்கங்கள் வெளிநாட்டிலிருந்து கிண்ணமும் சப்பாத்தும் அனுப்புகிறார்கள், நன்றி. ஒரு தவணைக்குப் பயறும் முட்டையும் அனுப்பிப் பாருங்கோ. பயிற்சியாளர்மாரே, பெட்டையளை வரிசையில் விட்டு நிறை பார்ப்பதை நிப்பாட்டுங்கோ. தலைச்சுத்துது என்று ஒரு பிள்ளை சொன்னால், "சாப்பிட்டனியோ?" என்று முதலில் கேளுங்கோ.

எங்கட நண்பன் இப்ப புட்டுக்குத் திரும்பிவிட்டான். முட்டையை மஞ்சள்கருவோடு சாப்பிடுகிறான். ஜிம் கடனில் இன்னும் பாதி மிச்சம் இருக்கு.