ஜேசிபி ஓட்டியவனை மட்டும் திட்டிப் பயனில்லை

பெங்களூரு விவேக் நகரிலிருந்து ஈஜிபுரா நடந்து போகிற தூரம்தான். ஏழைகளுக்கென்று அங்கே மாநகராட்சி, அதாவது பாலிகே, கட்டிய குடியிருப்பு பின்னர் இடிந்து விழத் தொடங்கியது. வீடு போனவர்கள் அதே நிலத்தில் தகரக் கொட்டகை போட்டுக் காத்துக் கிடந்தார்கள். 2013 ஜனவரியில், பொங்கல் முடிந்த கையோடு, போலீஸ் புடைசூழ ஜேசிபி வந்தது. சுமார் 1,500 கொட்டகைகள் தரைமட்டம். ஐந்தாயிரம் பேருக்கு மேல் தெருவில். பெரும்பாலோர் தலித்துகள், வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போகிறவர்கள், தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம். எதிர்த்து நின்ற பெண்களை வண்டியில் ஏற்றினார்கள். போக்கிடமில்லாத குடும்பங்கள் வேலிக்கு வெளியே நடைபாதையிலேயே தார்ப்பாய் கட்டி அடுப்பு மூட்டின.

அந்த நிலம் சுமார் 15 ஏக்கர். பாதியில் தனியாருக்கு வணிக வளாகம், மீதியில் ஏழைக்கு வீடு. இதுதான் ஒப்பந்தம்.

யார் பொறுப்பு? அன்று ஆண்டது பாஜக. அந்த மே மாதமே காங்கிரஸ் வந்தது. நடைபாதையில் கிடந்தவர்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தார்கள். அதிகாரியைக் கேட்டால் நீதிமன்ற ஆணையைக் காட்டுவார். ஆணையைக் கேட்டால் பாலிகே கொடுத்த கோப்பைக் காட்டும். ஓட்டுநரைக் கேட்டால் மேலே கை காட்டுவான். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள். ஒருவர் கையிலும் ரத்தம் இல்லை! கொடுங்கோன்மை நம் ஊரில் இப்படித்தான் வளர்கிறது தோழர்களே, முத்திரை குத்திய காகிதத்தில்.

இதே நகரத்தின் பழைய மத்தியச் சிறையில், நெருக்கடி நிலைக் காலத்தில், நடிகை சிநேகலதா ரெட்டியை, விசாரணையின்றி அடைக்க உதவிய மிசா சட்டத்தில், மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். கடுமையான ஆஸ்துமா நோயாளி. சாகும் தறுவாயில்தான் பரோலில் விட்டார்கள். 1977 ஜனவரி 20 அன்று இறந்தார். இந்திரா காந்தி ஒருவரா பூட்டினார்? ஆணை எழுதிய எழுத்தர், சாவி வைத்திருந்த வார்டன், ‘சட்டப்படி சரி’ என்ற நீதிபதிகள். இப்படி விசாரணையின்றி அடைப்பது பற்றிய வழக்கில், 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து பேரில் நால்வர் அரசின் பக்கம் நின்றார்கள். எதிர்த்து எழுதிய எச்.ஆர். கன்னா தலைமை நீதிபதி நாற்காலியை இழந்தார். அவரால் முடிந்தது மற்ற நால்வராலும் முடிந்திருக்கும்.

இனி நம் கதைக்கு வருவோம். வியாழக்கிழமை நவநாளுக்குக் குழந்தை இயேசு ஆலயத்தில் ஆயிரக்கணக்கில் கூடத் தெரிந்த வட்டாரம் இது. ஈஜிபுராவில் கொட்டகை விழுந்தபோது நம்மில் எத்தனை பேர் போய் நின்றோம்? ‘அவங்க அசல் ஒதுக்கீட்டாளர் இல்ல, வாடகைக்கு வந்தவங்க’ என்று பாலிகே சொன்னதை நாமே டீக்கடையில் திருப்பிச் சொன்னோம். வாடகைக்காரன் மனிதன் இல்லையா? இந்த ஊரில் நம்மில் பாதிப் பேர் வாடகைக்காரர்கள்தானே!

அரசு நம்மை அளந்து பார்த்துத்தான் அடுத்த அடி வைக்கிறது. 2020 செப்டம்பரில் பாலிகே மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. காலம் முடியுமுன் தேர்தல் நடத்து என்கிறது அரசியல் சாசனம். ஐந்தாண்டுகள் தாண்டியும் கார்ப்பரேட்டர் இல்லாமலே அதிகாரிகள் ஊரை ஆண்டார்கள். இடையில் பாலிகேயை ஐந்தாகக் கூறு போட்டார்கள். ஆளும் தரப்புக்குத் தேர்தல் இல்லாததே வசதி. நாமும் சாக்கடை அடைத்தால் மட்டும் கத்தினோம். இடித்துத் தள்ள வருகிறவனை ‘நில்’ என்று சொல்ல வார்டில் ஓர் ஆள் இல்லாத நிலைக்கு, கேட்காமல் இருந்த நம் பங்கும் உண்டு.

ஆகவே, தோழர்களே, இந்த வாரமே இறங்குங்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரும் பக்கத்து வீட்டு வாடகைக்காரர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். நீலசந்திராவிலும் ஆஸ்டின் டவுனிலும் உள்ளவர்களைக் கூட்டி வாருங்கள். கன்னடம் பேசுகிறவர், உருது பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர் எல்லோரையும். வார்டு அலுவலகத்தில் தேர்தல் கேட்கும் மனுவை எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். எங்காவது காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினால், ஒட்டிய அன்றே அந்தத் தெருவுக்குப் போய் நில்லுங்கள். ஜேசிபி வந்த பிறகு வராதீர்கள்.