அப்பாவால் கையெழுத்துப் போட முடிகிறபோதே

போன மாதம் எங்கள் கிளைக்கு ஒரு மாமி வந்தார். தஞ்சாவூர்ப் பக்கம், மாரேட்பள்ளியில் நாற்பது வருஷமாக இருக்கிறவர். மாமாவுக்கு ஸ்ட்ரோக், ஐ.சி.யூ.வில் நினைவில்லாமல் கிடக்கிறார். டெபாசிட் மொத்தமும் அவர் ஒருவர் பெயரில். "நான்தானேப்பா நாமினி?" என்றார். மாமா போனால்தான் நாமினிக்கு வேலை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

கை நடுங்கினால் சாட்சி வைத்துக் கட்டைவிரல் ரேகை வாங்கலாம். நினைவே இல்லாதவரிடம் வாங்க முடியாது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையிடம் பவர் பத்திரம் இருந்தது. எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் பவரும் முடிந்துவிடும் என்கிறது 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம். கோர்ட்டுக்குப் போய் கார்டியன் ஆணை வாங்கி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

உயில் இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். உயில் செத்த பிறகுதான் பேசும். அதையும்தான் எத்தனை பேர் எழுதுகிறோம்? ஜெயலலிதா 2016 டிசம்பரில் இறந்தார். சென்னையில் வேதா நிலையம், இங்கே ஹைதராபாத் பக்கத்தில் திராட்சைத் தோட்டம், ஸ்ரீநகர் காலனியில் கட்டடம். உயில் இல்லை. அண்ணன் பிள்ளைகள் இருவரும்தான் வாரிசு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2020 மே மாதம். வேதா நிலையத்தின் சாவி அவர்கள் கைக்கு வந்தது 2021 டிசம்பரில். ஐந்து வருஷம்! இத்தனைக்கும் அவரைச் சுற்றி வக்கீல்களுக்கா பஞ்சம்?

அமெரிக்காவில் இருப்பவர்கள் 'லிவிங் ட்ரஸ்ட்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இங்கேயும் அதற்கு வழி உண்டு, 1882-ஆம் வருஷத்து இந்திய ட்ரஸ்ட் சட்டத்தின்படி. நாம் உயிரோடு இருக்கும்போதே சொத்தை ட்ரஸ்ட் பெயருக்கு மாற்றி, நாமே ஒரு ட்ரஸ்டியாக இருந்துகொண்டு, கூடவே பிள்ளையையோ பெண்ணையோ சேர்த்துக்கொள்ளலாம். நாம் படுத்துவிட்டால் மற்றவர் நடத்துவார் என்று பத்திரத்திலேயே எழுதிவிடலாம். மூளை வளர்ச்சி குறைந்த குழந்தை உள்ள வீட்டில் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. அப்பா அம்மாவுக்குப் பிறகும் மாதாமாதம் பணம் போகும், மொத்தத்தையும் யாரும் சுருட்ட முடியாது.

செலவு உண்டு. வீடு நிலம் என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும், முத்திரைத்தாள் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ரத்து செய்யும் உரிமையை நாம் வைத்துக்கொண்டால் வருமானம் நம் தலையில்தான், வரி மிச்சமாகாது. 'வரியே இல்லை சார்' என்று வருகிற ஏஜெண்டுக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எல்லோருக்கும் ட்ரஸ்ட் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு ஃபிளாட், நாலு டெபாசிட் என்றால் ஒரு உயிலும், கணவன் மனைவி 'ஐதர் ஆர் சர்வைவர்' கணக்கும் தாராளம். மாமி பெயர் அப்படிச் சேர்ந்திருந்தால் கணக்கில் இருந்த பணத்தை அன்றே எடுத்திருக்கலாம். நாமினி போட்டாச்சே என்று மட்டும் இருக்காதீர்கள். 2025 நவம்பரிலிருந்து பேங்கில் நாலு நாமினி போடலாம், ஆனால் நாலு பேரும் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர்களே. பங்குகளிலும் நாமினி உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஊருக்கு உபதேசம் பண்ணுகிறேன், என் வீட்டுக் கதையைக் கேளுங்கள். அப்பாவுக்கு 78. மாயவரத்தில் தனியாக இருக்கிறார். பொங்கலுக்குப் போனபோது ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டார். வீடு, நிலம், டெபாசிட், எல்லாம் அவர் ஒருவர் பெயரில். ட்ரஸ்ட் என்று மெதுவாக ஆரம்பித்தேன். "ஏண்டா, கோயில் கட்டப் போறியா?" என்று சிரித்தார். அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை. நான் சாவதற்குள் சொத்தைக் கேட்கிறான் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம்.

அடுத்த வாரம் சார்மினார் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறேன். தங்கையையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டால் அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார்.