டிராக்டர் தானா நகராது மக்கா!

பேப்பர்ல உள்பக்க மூலையில நாலு வரிச் செய்தி ஒண்ணு அடிக்கடி வரும். பாத்திருப்பீங்க. விவசாயி ஒருத்தர் டிராக்டரை ஸ்டார்ட் செய்தாராம், எதிர்பாராதவிதமாக டிராக்டர் நகர்ந்துச்சாம், சக்கரத்துல சிக்கிட்டாராம். அப்புறம் ஆஸ்பத்திரி பேரு, போலீஸ் ஸ்டேஷன் பேரு, விசாரித்து வருகின்றனர். முடிஞ்சது சோலி.

இந்த ‘எதிர்பாராதவிதமாக’ங்கிற வார்த்தையைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. கியர்ல நிக்கிற வண்டியை ஸ்டார்ட் பண்ணா நகரத்தான் செய்யும். நெருப்புல கை வச்சா சுடும்ங்கிற மாதிரி. இதுல எதிர்பாராதது என்னய்யா இருக்கு? நகராம இருந்தாத்தான் அது எதிர்பாராதது.

ஏன் இவ்வளவு கோவம்னு கேப்பீங்க. சொல்றேன்.

எங்க ஊரு எட்டயபுரம் தாண்டி, விளாத்திகுளம் போற பக்கம். சுத்தமான கரிசல் காடு, மானாவாரி. மூணு வருஷம் முந்தி புரட்டாசியில ஒரு நல்ல மழை. மறுநா காலையில சித்தப்பா டிராக்டரை எடுக்கப் போனார். சாவியைத் திருகினா ‘டிக்’னு ஒரு சத்தம், அவ்வளவுதான். வண்டியை விட்டு இறங்கி வந்து, “ஏலே, அந்த ஸ்குரூ டிரைவரை எடுத்துட்டு வா”ன்னார். எடுத்துக் கொடுத்தது நான்தான்.

ஆமா, நான்தான். காலேஜ்ல இயந்திரவியல் படிக்கிற நான்.

பின்சக்கரத்துக்கு முன்னால குத்த வச்சு உக்காந்து, ஸ்டார்ட்டர் மோட்டார்ல இருக்கிற ரெண்டு முனையையும் ஸ்குரூ டிரைவரால தொட்டார். நம்ம ஊர்ல இதுக்குப் பேரு ‘டைரக்ட் பண்றது’. பொறி பறந்துச்சு, இன்ஜின் பிடிச்சுது. முந்தின நாள் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் நிக்காதுன்னு முதல் கியர்ல போட்டு நிறுத்தியிருந்தார். அது அவருக்கும் ஞாபகமில்ல, எனக்கும் தோணல. நான் கத்துறதுக்குள்ள சக்கரம் அவர் தொடை மேல ஏறி இறங்கிடுச்சு. வண்டி அது பாட்டுக்குப் போயி வரப்புல முட்டி, அப்பவும் நிக்காம மண்ணைத் தோண்டிக்கிட்டே இருந்துச்சு. பக்கத்துக் காட்டு அண்ணாச்சி ஒருத்தர் ஓடி வந்து ஸ்டாப் கம்பியை இழுத்தார்.

சித்தப்பா பிழைச்சுட்டார். ரெண்டு ஆபரேஷன். இன்னைக்கும் கம்பு ஊனித்தான் நடக்கார். ஊர்ல எல்லாரும் சொன்னது ஒண்ணே ஒண்ணு: “நேரம் சரியில்ல.”

நேரம் இல்ல மக்கா, கியர்!

கொஞ்சம் விவரமாப் பாப்போம். பைக்கையோ காரையோ கியர்ல வச்சு கிளட்ச் பிடிக்காம ஸ்டார்ட் பண்ணா ஒரு குதி குதிச்சுப் பெரும்பாலும் அணைஞ்சு போயிரும். டிராக்டரும் அப்படித்தான் அணையும்னு நிறையப் பேர் நினைப்பு. அணையாது. டீசல் பம்ப்ல கவர்னர்னு ஒண்ணு இருக்கு. இன்ஜின் வேகம் குறையப் போகுதுன்னா அது தானாவே கூடுதல் டீசலை விட்டு வேகத்தைக் காப்பாத்தும். ஈரக் கரிசல்ல ஒன்பது கலப்பையை இழுக்கும்போது இன்ஜின் திணறி நின்னுடக் கூடாதுன்னுதான் அந்த ஏற்பாடே. அந்தக் கவர்னருக்கு முன்னால இருக்கிறது மண்கட்டியா மனுஷனான்னு தெரியாது. தடை வந்தா இன்னும் கொஞ்சம் டீசல், அவ்வளவுதான். பழைய வண்டிகள்ல சாவியை ஆஃப் பண்ணாக்கூட இன்ஜின் நிக்காது. டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாதே, ஸ்டாப் கம்பியை இழுத்து டீசலை நிறுத்தணும். அந்தக் கம்பி எங்க இருக்கு? மேல, சீட்டுக்கு முன்னால. நீங்க எங்க இருக்கீங்க? கீழ, சக்கரத்துக்கு முன்னால.

இப்ப ஒரு கணக்கு. முதல் கியர்ல டிராக்டர் போற வேகம் மணிக்கு ரெண்டரை கிலோமீட்டர்னு வச்சுக்குவோம். மனுஷன் நடக்கிறதை விட மெதுவு. அப்படின்னா செகண்டுக்கு 70 சென்டிமீட்டர். குத்த வச்சிருக்கிற ஆளுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல ஒரு மீட்டர் இருந்தாலே அதிசயம். ஒன்றரை செகண்டு. அதுக்குள்ள பொறி பறந்த அதிர்ச்சி தெளிஞ்சு, வண்டி நகருதுன்னு புரிஞ்சு, எந்திரிச்சு, விலகணும். வர்றது ரெண்டு டன் கிட்ட எடை உள்ள வண்டி. ஜெயிக்க முடியுமா சொல்லுங்க?

இதெல்லாம் டிராக்டர் செய்யறவனுக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். அதனாலதான் இப்ப வர்ற டிராக்டர்கள்ல பெரும்பாலும் ஒரு சின்ன சுவிட்ச் வைக்கான். கிளட்ச்சை முழுசா மிதிச்சாலோ, கியர் நியூட்ரல்ல இருந்தாலோதான் ஸ்டார்ட்டருக்குக் கரண்டு போகும். அமெரிக்காவுல இந்த டைரக்ட் வேலையில ஆளுங்க செத்துச் செத்து, கடைசியில ஸ்டார்ட்டர் முனைக்கே மூடி போட்டு, சீட்டுல உக்காந்து மட்டும் ஸ்டார்ட் பண்ணுன்னு ஸ்டிக்கரும் ஒட்டுனாங்க. ஆக இது நம்ம ஊரு முட்டாள்தனம் மட்டும் இல்ல, உலகம் பூரா உள்ளதுதான். ஆனா அவன் மூடி போட்டான், நாம மூடியைக் கழட்டி எறியறோம்.

நம்ம பக்கம் இது ஏன் ஜாஸ்தி? இதை யாரும் யோசிச்ச மாதிரி தெரியல. மானாவாரிக் காட்டுல வேலை வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான். வெயில் காலம் பூரா பல டிராக்டர் வேப்பமரத்தடியில சும்மா நிக்கும். பேட்டரி இறங்கிப் போயிருக்கும். சுவிட்ச் முனையில பச்சை பூத்திருக்கும். எலி ஒயரைக் கடிச்சிருக்கும். மழை பெஞ்சதும் எல்லாருக்கும் ஒரே அவசரம். கரிசல் மண்ணு ரொம்ப ஈரமா இருந்தா சக்கரம் புதையும், காஞ்சா பாறை. பதம் இருக்கிறது சில நாள்தான். அதுக்குள்ள உளுந்து, பாசி, மக்காச்சோளம்னு விதைச்சாகணும். ஊருக்கு நாலு வண்டி, நாப்பது பேர் கூப்பிடுவாங்க. அந்த நேரத்துல சுவிட்ச் மக்கர் பண்ணா என்ன செய்வோம்? ரெண்டு ஒயரையும் முறுக்கி ஜாயின்ட் போட்டுருவோம். ‘பிறகு பாத்துக்கலாம்’. அந்தப் பிறகு எப்பவும் வராது.

அதோட, ஹேண்ட் பிரேக் தேஞ்சிருக்கும். அதனால கியர்ல போட்டு நிறுத்துறது. ஒரு பக்கம் பிரேக் இல்லாததால கியர்ல நிறுத்துறோம். மறுபக்கம் கியர்ல இருந்தா ஸ்டார்ட் ஆகாம தடுக்கிற சுவிட்சைப் பிடுங்கி எறியறோம். ரெண்டையும் நாமளே செஞ்சு வச்சிட்டு, மூணாவதா ஸ்குரூ டிரைவரோட சக்கரத்துக்கு முன்னால போயி உக்காருறோம். இதுக்குப் பேரு விபத்தா? என்ன கொடுமை சார் இது!

இதைச் சொன்னா ஊர்ல மூணு பதில் வரும்.

ஒண்ணு: “நாங்க முப்பது வருஷமா இப்படித்தான் பண்றோம்.” சித்தப்பாவும் இருபது வருஷம் அப்படித்தான் பண்ணார். ஒரு நாள் தவிர எல்லா நாளும் சரியாத்தான் இருந்துச்சு.

ரெண்டு: “நியூட்ரல் பாத்துட்டுத்தான் பண்ணுவோம்.” கீழ நின்னுக்கிட்டு எப்படிய்யா பாப்பீங்க? டிராக்டர்ல பெரும்பாலும் கியருக்கு ஒரு லீவர், ஹை-லோவுக்கு இன்னொரு லீவர். பழைய வண்டியில லீவர் தேஞ்சு ஆடும். நடுவுல நிக்கிற மாதிரி தெரியும், உள்ள பல் மாட்டியிருக்கும். சீட்டுல உக்காந்து கையால ரெண்டு பக்கமும் ஆட்டிப் பாத்தாத்தான் தெரியும். அங்க உக்காந்த பிறகு கீழ இறங்கி எதுக்கு டைரக்ட் பண்ணணும்?

மூணு: “அவசரத்துக்குத்தானே.” மெக்கானிக்குக்குக் காத்திருந்தா ஒரு நாள் போகும். சித்தப்பாவுக்கு அந்த வருஷம் வெள்ளாமை பூராவும் போச்சு.

எங்க தாத்தா காலத்துல கிணத்துக்கு ஆயில் இன்ஜின். ஹேண்டில் போட்டுச் சுத்தணும். தாத்தா எனக்கு அதைத் தொட்டுக் காட்டும்போது முதல்ல சொன்னது, “கட்டை விரலைச் சுத்திப் பிடிக்காத, நாலு விரலோட சேத்து வை”ங்கிறதுதான். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைச்சா ஹேண்டில் கையை விட்டு நழுவிடும், கட்டை விரல் சுத்தியிருந்தா ஒடிஞ்சிரும். அவர் பள்ளிக்கூடமே போகல. ஆனா ஸ்டார்ட் பண்ற நேரம்தான் ஆபத்தான நேரம்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912-ல காடிலாக் கார்ல வந்தப்ப, அந்த உதையிலேருந்து ஆளைக் காப்பாத்தி சீட்டுல உக்கார வச்சுது. நூறு வருஷம் கழிச்சு நாம சீட்டை விட்டு இறங்கி மறுபடி கீழ வந்து நிக்கிறோம். இதுதான் முன்னேற்றம்!

சரி, சட்டம் என்ன சொல்லுது? 1989-ம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 15-வது விதி, லைசென்ஸ் டெஸ்ட்ல என்னென்ன பாக்கணும்னு பட்டியல் போட்டிருக்கு. இன்ஜினை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால தகுந்த முன்னெச்சரிக்கை எடுக்கணும், எல்லா கியரையும் போட்டுச் சீரா வண்டியை எடுக்கணும், ஏத்தத்துல நிறுத்திப் பின்னால உருளாம மறுபடி எடுக்கணும். எல்லாம் அதுல இருக்கு. படிக்க அருமையா இருக்கு. உங்க டெஸ்ட்ல இதுல எத்தனை பாத்தாங்கன்னு நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க.

இன்னொரு கூத்து. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல, 7,500 கிலோவுக்கு மேல போகாத டிராக்டரும் கார் மாதிரி இலகுரக வாகனம்தான். ஆக, சின்னக் கார்ல டெஸ்ட் கொடுத்துப் பாஸானவன் மறுநாளே டிராக்டர்ல ஏறலாம். டிராக்டரோட ரெண்டு லீவரையும், தனித்தனியா இருக்கிற ரெண்டு பிரேக் பெடலையும், பின்னால சுத்துற பிடிஓ ஷாஃப்டையும் அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய அவசியமே இல்ல. இது லைசென்ஸ் உள்ளவன் கதை. நம்ம கிளாஸ்ல பத்தாவது படிக்கும்போதே காட்டுல ஓட்டினவங்க எத்தனை பேருன்னு நமக்கே தெரியும். நமக்கு யார் சொல்லிக் கொடுத்தா? மாமா, சித்தப்பா, அண்ணன். அவங்களுக்குத் தெரிஞ்ச தப்பும் சேந்துதான் நமக்கு வந்துச்சு.

அதனால நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல.

சீட்டுல உக்காந்து மட்டும் ஸ்டார்ட் பண்ணுங்க. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கா, ரெண்டு லீவரும் நியூட்ரலா, பிடிஓ ஆஃபா, சுத்தி யாரும் நிக்கலையான்னு பாருங்க. கிளட்ச்சை முழுசா மிதிச்சுச் சாவியைத் திருகுங்க. ஸ்டார்ட் ஆகலையா? மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. நிறுத்தும்போது கலப்பையைக் கீழ இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துட்டுப் போங்க. பிரேக் நிக்கலன்னா ஆவணியிலயே சரி பண்ணுங்க. பேட்டரியையும் அப்பவே சார்ஜ் போடுங்க. முறுக்கி விட்ட ஒயரைப் பிரிச்சு அந்தச் சுவிட்சை மாத்துங்க. டிராக்டர் விலைக்கு அது ஒரு தூசு.

முக்கியமா, நம்ம வயசுப் பசங்களுக்கு ஒண்ணு. யாராவது “ஸ்குரூ டிரைவரை எடுல”ன்னா கொடுக்காதீங்க. திட்டுவாங்க, நாலு பேர் முன்னால அசிங்கப்படுத்துவாங்க, பெரிய இவன்னு நினைப்போன்னு கேப்பாங்க. வாங்கிக்கோங்க. நான் அன்னைக்கு அந்தத் திட்டை வாங்கியிருந்தா சித்தப்பா இன்னைக்குக் கம்பு இல்லாம நடந்திருப்பார்.

பி.கு: எங்க வண்டியில சுவிட்ச் மாத்தியாச்சு. அந்த ஸ்குரூ டிரைவர் என் ரூம்லதான் இருக்கு. யாருக்கும் தர்றதா இல்ல.