கேமரா யார் கையில்?

2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பம் மக்களுக்கு வாயுக் கசிவைக் காட்டிக்கொடுத்தது அவர்களுடைய மூக்கும் கண்ணும்தான். கோரமண்டல் ஆலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிய, மூச்சுத் திணற, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்.

அம்மோனியாவைப் படம்பிடிக்கும் கருவி இல்லையா? இருக்கிறது. பல வாயுக்கள் அகச்சிவப்புக் கதிரில் தமக்கே உரிய அலைநீளத்தை உறிஞ்சும். மீத்தேனுக்கு 3.3 மைக்ரான் அளவில், அம்மோனியாவுக்கு 10 முதல் 11 மைக்ரான் வரை. அதற்கேற்ற வடிகட்டி பொருத்திய கேமராவில், வெறும் கண்ணுக்குத் தெரியாத கசிவு புகைபோலத் தெரியும். எண்ணெய், எரிவாயு நிலையங்களில் கசிவு தேட அமெரிக்கா இதை 2016இலேயே விதிகளில் சேர்த்தது. அங்கே ‘எர்த்வொர்க்ஸ்’ என்ற மக்கள் அமைப்பு இதே கேமராவைத் தூக்கிக்கொண்டு போய், கசிவைப் படமெடுத்து, அதிகாரிகளிடம் புகார் கொடுக்கிறது.

இந்தக் கேமராவுக்கும் எல்லை உண்டு. தண்ணீருக்கடியில் உள்ள ஓட்டையை அது காட்டாது. வாயு மேலே வந்த பிறகுதான் தெரியும். குளோரின் தெரியவே தெரியாது. சாக்கடைக் குழியில் நம் மக்களைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்பைடும் இதில் சிக்காது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க, சட்டையில் மாட்டிக்கொள்ளும் சிறிய சென்சார் போதும். கேமராவோடு ஒப்பிட்டால் விலை அற்பம். 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும், அதுகூட இல்லாமல்தான் மனிதர்களைக் குழிக்குள் இறக்குகிறார்கள். சென்சார் கொடுத்து இறக்குங்கள் என்று சொல்லவில்லை, இறக்கவே கூடாது. நான் சொல்வது வேறு: கருவி வந்து சேராததற்குக் காரணம் விலை மட்டுமல்ல. அங்கே சாகிறவர் யார் என்பதும் ஒரு காரணம்.

ஆகவே ‘நவீனக் கருவி வேண்டும்’ என்று கேட்பதோடு நிற்காதீர்கள். ஆலை நிர்வாகத்தின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும் கேமராவால் குப்பத்துக்கு என்ன பயன்? வேலிக்கு வெளியே, குடியிருப்பு ஓரத்தில் கண்காணிப்பு வேண்டும். பதிவுகள் அன்றன்றே மக்களுக்குக் கிடைக்க வேண்டும். கருவியை இயக்க ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி வேண்டும்.

இன்றே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பேரளவு விபத்து நேரக்கூடிய ஆலை என்றால், ஆபத்து என்ன, அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதைச் சுற்றியுள்ள மக்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்கின்றன 1989ஆம் ஆண்டு அபாய இரசாயன விதிகள். உங்கள் ஊருக்குச் சொன்னார்களா? எப்போது, யாரிடம்? தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். வரும் பதிலை ஊர்க் கூட்டத்தில் சத்தமாகப் படியுங்கள்.