கோட்டைமேட்டில் ஒரு குழியாவது திறந்திருக்கட்டும்

மதிப்பிற்குரிய இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

இராமேஸ்வரம் வருகிறவர்களிடம் “பழைய இடம்” என்று நாம் கைகாட்டுவது பெரும்பாலும் தனுஷ்கோடியைத்தான். 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர், ரயில் நிலையத்தின் மிச்சம், அரிச்சல்முனையில் ஒரு செல்பி, கையில் சங்கு மாலை. அதோடு வண்டி மதுரைக்குத் திரும்பிவிடுகிறது. அதில் எனக்கு ஆட்சேபம் ஏதுமில்லை. ஆனால் அந்த வண்டி திரும்பும் நெடுஞ்சாலைக்கு வடக்கே அழகன்குளம், தெற்கே பெரியபட்டினம். அங்கே இறங்கினால் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவருக்குச் சொல்ல நம்மிடம் பதில் இல்லை.

அழகன்குளம் வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்குள்ள கோட்டைமேட்டில் மாநிலத் தொல்லியல் துறை 1986-87 தொடங்கிப் பல கட்டங்களாகத் தோண்டியது, கடைசியாக 2016-17இல். தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், ரோமானியக் காசுகள், மதுச்சாடித் துண்டுகள், பாயும் கயிறுமாகக் கப்பல் ஒன்றைக் கீறிய ஓடு என்று கிடைத்தவை ஏராளம். கரிமப் பகுப்பாய்வு ஊரின் வயதைக் கி.மு. 4ஆம் நூற்றாண்டு வரை கொண்டுபோயிருக்கிறது. இன்று அந்த மேட்டில் போய் நின்றால் மண்ணும் செடியும்தான். மழை விட்ட மறுநாள் போனால் கறுப்பும் சிவப்புமாக ஓட்டாஞ்சில்லு தலைநீட்டும். உள்பக்கம் கரி, வெளிப்பக்கம் செம்மண், ஒடிந்த விளிம்பில் இரண்டு நிறமும் சேரும் கோடு தெளிவாகத் தெரியும். அது என்ன என்று சொல்ல ஒரு பலகையாவது வேண்டாமா?

பெரியபட்டினத்தின் கதை இன்னும் மோசம். பாண்டியர் காலத்தில் இது பெருந்துறைமுகம். திருப்புல்லாணிக் கோயில் கல்வெட்டில் வரும் பவித்திரமாணிக்கப்பட்டினம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான் குறித்த துறைமுகம் ஒன்றை வரலாற்றாய்வாளர் நொபொரு கராஷிமா இந்த ஊரோடுதான் பொருத்தினார். 1987இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியபோது சீனப் பீங்கான் கொட்டிக் கிடந்தது. பாசிப்பச்சை மெருகு கொஞ்சமும் மங்காத துண்டுகள். சந்தனக்கூடு விழாவுக்கு இந்த ஊருக்கு வரும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தோண்டிய இடத்தையே எப்படிக் காட்டலாம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஜார்ஜியா நாட்டில் த்மானிசி என்று ஓர் ஊர். இடைக்கால நகரத்தின் இடிபாடு அது. அந்நகரத்தார் தானியம் கொட்டிவைத்த குழிகளை ஆராயப் போனவர்களுக்கு, குழிச் சுவரில் அழிந்துபோன விலங்குகளின் எலும்பு தட்டுப்பட்டது. மேலும் தோண்டினார்கள். 18 லட்சம் ஆண்டு பழைய மனித மண்டையோடுகள் ஐந்து வெளிவந்தன. அந்த நாட்டார் செய்த காரியம், தோண்டிய இடத்துக்கு மேலேயே கூரை போட்டு, வருகிறவர் நின்று பார்க்கும்படி வைத்தது. நம் கரையில் அப்படி மண்டையோடு ஏதும் கிடைத்ததில்லை. ஆனால் எதிர்க்கரையில், இலங்கையின் பாகியங்கலைக் குகையில் முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மனித எலும்புகள் கிடைத்திருக்கின்றன. கடல் மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்த பனியுகத்தில் இரு கரைக்கும் நடுவே இருந்தது தரை. இராமேஸ்வரத்தில் நின்றுகொண்டு இதைச் சொன்னால் எந்தப் பள்ளிப் பிள்ளையும் வாயைப் பிளந்து கேட்கும்.

குழியைக் காட்டும் முறைக்கு ஜார்ஜியா வரைகூடப் போகவேண்டாம். பக்கத்து மாவட்டத்து ஆதிச்சநல்லூரில் குழிக்கு மேல் கண்ணாடி போட்டு, தாழி புதைந்த இடத்திலேயே அதைக் காட்டுகிறார்கள். இங்கே முடியாதா?

முடியாது என்பதற்கு அதிகாரிகள் சொல்லும் காரணம் எனக்கும் தெரியும். திறந்த குழி மழையில் சரியும். இது கடலோர மணல், ஊற்று மேலேறும். ஆகவே ஆய்வு முடிந்ததும் மூடிவிடுவதுதான் முறை. சரியான முறைதான், மறுக்கவில்லை. எல்லாக் குழியையும் திறந்து வையுங்கள் என்று நான் கேட்கவும் இல்லை. மேட்டின் உயரமான பக்கத்தில் ஒன்றே ஒன்று. மேலே கூரை, சுற்றி வடிகால். அதுவும் ஆகாதென்றால், குழிச் சுவரின் மண்ணடுக்கை அப்படியே பசையில் ஒட்டி உரித்தெடுத்துச் சட்டம் போட்டு மாட்டும் முறை உலகெங்கும் இருக்கிறது. அதையாவது அதே ஊரில் மாட்டுங்கள்.

2025-26 நிதிநிலை அறிக்கையில் இராமநாதபுரத்துக்கு 21 கோடி ரூபாயில் நாவாய் அருங்காட்சியகம் அறிவித்தார்கள். சந்தோஷம். என் பயம் என்னவென்றால், கட்டடம் ஓரிடத்தில் குளிர்சாதனத்தோடு நிற்கும். ஓடு எடுத்த ஊர் எப்போதும்போல் வெயிலில் கிடக்கும். தோண்டுவது தொல்லியல் துறையின் வேலை என்றாலும், நிலமும் சாலையும் பேருந்தும் உங்கள் அலுவலகத்து விஷயங்கள். மேட்டின் புறம்போக்கு எது, பட்டா எது என்று அளந்து எல்லைக்கல் நடுங்கள். புது வீட்டுக்கு வானம் தோண்டும்போது வரும் ஓட்டையும் பீங்கானையும் கொண்டுவந்து கொடுக்க ஊராட்சி அலுவலகத்தில் ஒரு ஆள், ஒரு பதிவேடு போதும். உள்ளூர்ப் பிள்ளைகள் நாலு பேருக்குப் பயிற்சி கொடுத்தால் வழிகாட்டிகளாக அவர்களே நிற்பார்கள். தனுஷ்கோடிக்குப் போகும் சுற்றுலா வண்டிகள் இங்கேயும் ஒரு மணி நேரம் நிற்கட்டும்.

இதில் எதுவும் நடக்காது என்றால், ஏன் என்று எழுத்தில் தெரிவியுங்கள். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டிவிட்டு, மேற்கொண்டு என்ன செய்வதென்று ஊரோடு பேசிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மாவட்டத்துக் குடிமகன்